அவள் பற்றவைக்காத அடுப்பு

4-5-1998, திங்கள்

கிருஷ்ணப்பா மெஸ்ஸைப் பூட்டிவிட்டுத் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோலார் போய்விட்டான். வர இருபது நாள் ஆகுமாம். போகும்போது, "சாமிநாதண்ணா, இனியாவது வீட்ல சாப்பிடு. யார் கேக்கப் போறாங்க?" என்றான்.

அவனே சாட்சி. ஜனவரியில் அவன் முன்னால்தான் சத்தியம் செய்தேன், மருமகள் டோரீன் பற்றவைத்த அடுப்பில் வெந்த எதுவும் என் தொண்டையில் இறங்காது என்று. ஒரே மகன் சுனில். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையோடு வாசலில் வந்து நின்றான். அப்பனை ஒரு வார்த்தை கேட்டானா?

பன், வாழைப்பழம்.

5-5

பன்.

6-5, புதன்

இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. டோரீன் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். காக்ஸ் டவுன் கோல்டு ஸ்டோரேஜ் கறிக்கடையில் வாங்கிய சிக்கன் சலாமி, காகிதம்போல் வட்டம் வட்டமாக. அதில் தண்ணீர் வடித்த தயிரும் கொத்துமல்லிச் சட்னியும் தடவி, கேரட்டும் வெள்ளரியும் நீளமாக நறுக்கி வைத்து, பாய் மாதிரி சுருட்டி, பல்குத்தும் குச்சியைச் செருகியிருந்தாள்.

"அடுப்பே பத்த வைக்கல மாமா. கறி கம்பெனிக்காரன் வேகவெச்சது."

ஜில்லென்ற கறி. மனிதர் தின்பதா?

"என் வார்த்தைய வெச்சு என்னையே மடக்கறியா?"

"ஆமா," என்றாள்.

முப்பது வருஷம் ஃபேக்டரியில் லேத் மெஷின்முன் நின்றவன். எந்த ஃபோர்மனும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

தட்டை விட்டுவிட்டுப் போனாள். ஆறு இருந்தது. ஆறும் தின்றேன். யோசித்துப் பார்த்துவிட்டேன் — சத்தியத்தில் பழுதில்லை.

9-5, சனி

வெள்ளரி நீர் விடுகிறது. உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் வைத்துத் துணியில் ஒற்றவேண்டும் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. காய்த் துண்டுகளும் ஒரே கனமாக இல்லை. கூடத்தில் உட்கார்ந்து நானே சீவிக் கொடுத்தேன். லேத்தையே யாரும் சொல்லித்தராமல் பார்த்துப் பழகியவனுக்கு இதென்ன.

"ஸ்கேல் வெச்சு அளக்கறீங்களா மாமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

14-5, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

உப்பு எடுக்கச் சமையலறைக்குள் போனேன். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான். அடுப்பின்மேல் பேப்பர் விரித்திருந்தது. தேதி பார்த்தேன். ஆறாம் தேதி பேப்பர்.

"நீயும் அவனும் என்னதான் சாப்பிடறீங்க?"

"நீங்க சாப்பிடறதுதான் மாமா. எட்டு நாளா."

"காபி?"

"சுனில் ஆபீஸ்ல குடிச்சுக்கறார். நான் விட்டுட்டேன்."

"ஏன்?"

"வீட்ல மூணு பேர். ஒருத்தர் தொடாத சோத்த எதுக்கு வடிக்கணும்?"

அங்கிருந்த அரிசி மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டு நாள். ஒரு முணுமுணுப்பு இல்ல. என்னடா இது, என்னைவிடப் பிடிவாதக்காரி ஒருத்தி என் வீட்டுலயே இருக்கா, எனக்குத் தெரியல. நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்?

தீப்பெட்டி கேட்டேன். கொடுத்தாள். அடுப்பை நான் பற்றவைத்தேன். தள்ளி நின்றேன்.

"உலை வை," என்றேன்.

25-5, திங்கள்

மெஸ் திறந்துவிட்டது. "சத்தியம் என்னாச்சு அண்ணா?" என்றான் கிருஷ்ணப்பா. அப்படியே இருக்கிறது என்றேன். அவள் பற்றவைத்த அடுப்பில் வெந்ததை இன்றுவரை தொடவில்லை.

12-3-2001, திங்கள்

முட்டி வலி. ஆனாலும் ஐந்தரைக்கு எழுந்தேன். டீச்சர் வேலைக்குப் போகும் டோரீனுக்கு ஏழு மணிக்குப் பள்ளிக்கூட பஸ், அதற்குள் அடுப்பு எரியவேண்டும். சுனில் கேஸ் லைட்டர் வாங்கி வந்திருக்கிறான், அவளுக்கு வசதியாம். என் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.