பச்சையாய்க் கிடந்த பள்ளம்

ஏப்ரல் 3, 1978. திங்கள்

மூடுபனிகூட இல்லை. காற்று மட்டும் ஓயாமல். மேட்டுப் புல் கையில் பிடித்தாலே நொறுங்குகிறது.

இன்று வாய்க்கால் வெட்டு. நர்சரியில் பைன், வாட்டில் நாற்றுகள் பையிலேயே வாடுகின்றன. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் ஈரப்பள்ளத்துத் தண்ணீரை அங்கே திருப்பச் சொல்லி உத்தரவு. நானும் மண்வெட்டி பிடித்தேன்.

பள்ளத்தில் நெட்டைக்காலிக் கூடு, புல்தூருக்குள். முட்டை மூன்று. தாய்க்குருவி என் காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பியது. பயந்தது நான்தான். ஊர் விட்டு ஊர் வந்தும் இந்த நெஞ்சுக்குத் தைரியம் வரவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, இவருக்கு இருமல் மருந்து.

ஏப்ரல் 6

பள்ளம் வற்றுகிறது. ஓரத்துச் சேறு வெடித்துவிட்டது.

போன வருஷம் மதுரைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் அந்தப் பள்ளத்தருகே குப்புறப் படுத்துக் கிடந்தார். செத்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். குருவி பார்க்கிறாராம். நெட்டைக்காலி இந்த மலையிலும் பக்கத்து உயர்ந்த மலைகளிலும் மட்டும்தான் உண்டு, மரம் நட நட அதற்கு இடம் குறைகிறது என்றார். "இந்தப் புல்லு போச்சுன்னா அதுக்கு வேற போக்கிடம் கெடையாதும்மா." தேயிலைத் தோட்டத்தை விட்டு அனுப்பியபோது எங்களுக்காவது இக்கரைக்கு வரக் கப்பல் இருந்தது.

இவருக்குத் தீக்காவல் வேலை. சாப்பிடும்போது சொன்னார்: "தீ வந்தா மேக்காலதான் வரும். நம்ம லயத்துக்கும் அதுக்கும் நடுவுல அந்தப் பள்ளம் ஒண்ணுதான்." தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"ஏம்மா, ஒன் சோலியப் பாரு. ரேஞ்சர் வர்றப்ப நாத்து பச்சையா நிக்கணும். குருவிக்காக வாய்க்கால மூடச் சொல்றியாக்கும்?"

"குருவிக்கு மட்டும் இல்லைங்க. லயத்துல புள்ளைங்க இருக்கு."

"லயமும் எரியாது, நீயும் எரிய மாட்ட. வெரசா போய்த் தண்ணி ஊத்து."

ஏப்ரல் 7

மேற்கே புகை. மெலிசாக, தூரமாக. மன்னவனூர்ப் பக்கம் என்கிறார்கள். எல்லோரும் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

சாயங்காலம் விறகுக்குப் போவதுபோல் மேலே போனேன். வாய்க்கால் வாயில் புல்கட்டியை அடைத்து, தண்ணீரைப் பள்ளத்துக்கே திருப்பினேன். அவசரத்தில் இரண்டு தரம் மண்வெட்டி நழுவியது. யாராவது பார்த்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறையும் போகும். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

விறகு எடுக்க மறந்து வெறுங்கையோடு வந்தேன். கெட்டிக்காரி.

ஏப்ரல் 10

மஸ்டரில் பேர் கூப்பிட்ட கையோடு மேஸ்திரி: "ஏலே, தண்ணி எங்கலே போகுது? வாய்க்கால் காஞ்சு கெடக்கு."

யாரோ ஒருவன் சொன்னான், "காட்டுப்பன்னி கெளறியிருக்கும்ங்க."

அடைப்பை எடுக்க ஆள் போனது. சாயங்காலம் நான் மறுபடி அடைத்தேன். அந்தப் பன்றி நான்தான். சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. மேஸ்திரி என் சேற்றுக் காலைப் பார்த்தாரா?

இருமல் மருந்து இன்னும் வாங்கவில்லை.

ஏப்ரல் 12

வந்துவிட்டது.

மத்தியானம். முதலில் சத்தம், பிறகுதான் தீ. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் பள்ளத்துச் சேற்றில் போய் உட்கார்ந்தோம். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டோம். கண்ணைத் திறக்கவே இல்லை நான். தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன், அங்கத்துச் சாமி, இங்கத்துச் சாமி.

பள்ளத்து ஓரம் வரை வந்தது. ஈரப்புல்லில் சீறிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. லயம் தப்பியது. நர்சரியும்தான். இவருக்குப் புருவம் இல்லை, மற்றபடி முழுசாக வந்தார். "அழுவாத, ஒனக்கு என்னா ஆச்சு?" என்கிறார். ஒன்றும் ஆகவில்லை, அதற்குத்தான் அழுகிறேன்.

கூட்டில் குஞ்சுகள். கண் திறக்கவில்லை. தாய் திரும்பி வந்தது.

ஏப்ரல் 15

ரேஞ்சர் வந்தார். கரி மேட்டில் ஏறி நின்று பார்த்தார். எங்கும் கறுப்பு, பள்ளம் மட்டும் பச்சை. பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன், மடச்சி.

"சுத்தியும் கருகிக் கிடக்கு, இது மட்டும் எப்படிப் பச்சையா நிக்குது பாருங்க! நல்ல மண்ணு. இங்க வாட்டில் வச்சா ஜோரா வரும். திங்கக்கிழமையே நடுற எடத்துக்குக் கம்பு அடிச்சிடுங்க."

"சரிங்கய்யா" என்றார் மேஸ்திரி.

ஜீப் போன பிறகு என்னிடம் வந்தார். குரல் தணிந்து, "பன்னி நல்ல சோலிதான் பாத்திருக்கு" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. திட்டவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. பள்ளத்தை நான்தான் பச்சையாக வைத்தேன். அதனால்தான் ரேஞ்சர் கண்ணில் பட்டது.

வாட்டில் வளர்ந்தால் இருக்கும் தண்ணீரையும் குடித்துவிடும் என்கிறார் இவர். அடுத்த பங்குனியில் எங்கே போய் உட்காருவோம்?

ஏப்ரல் 17

வெள்ளனே வேலை. காற்று இல்லை. கம்புக்கட்டு என் தலையில். மேஸ்திரி கயிறு பிடித்து வரிசை பார்த்தார்.

முதல் கம்பு அடித்தார்கள். கூட்டுக்கு நாலடி தள்ளி. சுத்தியல் ஓய்ந்ததும் நெட்டைக்காலி வந்து அந்தக் கம்பின் மேலேயே உட்கார்ந்தது. வாயில் புழு. கீழே குஞ்சுகள் கத்துகின்றன, இறங்கப் பயப்படுகிறது, எங்களையே பார்க்கிறது. சுத்தியல்காரன் நின்றுவிட்டான்.

மேஸ்திரி கயிற்றை இறுக்கி இழுத்துப் பிடித்தார். பிறகு, "அடுத்த கம்பு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.