இடக்கைத் துப்பாக்கி

அன்புள்ள பிடிவாதக்காரருக்கு,

மருத்துவமனையிலிருந்து இடக்கையால் நீங்கள் எழுதிய முதல் கடிதம் வந்தது. கோழி கிளறினது போல இருந்தாலும், "துப்பாக்கியை வித்துடு" என்ற வரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

விற்கத்தான் போனேன். உங்கள் நாலு கிலோத் துப்பாக்கியை உறையில் போட்டு, இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆனால் கடைக்காரர் லைட்னரிடம், "இருக்கறதுலயே லேசானதைக் காட்டுங்க, குண்டேத்தற போல்ட் இடப்பக்கம் இருக்கணும்" என்றுதான் வாயில் வந்தது.

இரண்டரைக் கிலோவில் ஒன்றை எடுத்து வைத்தார். "லேசானது தோள்ல உதைக்குமேம்மா."

"உதைக்கட்டும். சுடறது வருஷத்துக்கு ஒரு தடவை. சுமக்கறது நாள் பூரா."

"உங்க வீட்டுக்காரர் வலக்கைக்காரராச்சே?"

உங்கள் இடக்கைக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

துப்பாக்கியின் முன்பக்கத்தை முதுகுப்பைமேல் சாய்த்துக்கொண்டால், உங்கள் இடக்கை ஒன்றே போதும். கடைத் தரையிலேயே படுத்துப் பார்த்துவிட்டுத்தான், பழையதைக் கொடுத்து இதை வாங்கினேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

செப்டம்பர் வேட்டையில் மலையாடு கிடைத்தால், வேட்டைக்காரர் வழக்கப்படி உங்கள் தொப்பியில் வலப்பக்கம்தானே பச்சைக் கிளை செருக வேண்டும்? இடப்பக்கத்து வேலையெல்லாம் நீங்கள் பாருங்கள். கிளையை நான் செருகிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வலப்பக்கம் நடக்கப்போகிறவள்