அழுத்தாமல் வரைந்த கோடு

பேசி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிற என் ஒரே தங்கச்சி கலாவுக்கு,

மூன்று உலகமும் சாட்சியாக, நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன்: நான் இப்போது சொல்லப்போவதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீயும்தான். இருந்தபோதே என் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுத்தானே கேட்பாய்?

கம்ப்யூட்டரில் படம் வரைகிற உன் டேப்லெட்டையும் அதன் பேனாவையும் உன் மகள் அபி எடுத்துக்கொண்டாள். சிறுவர் பாட்டுப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு படம் கேட்டிருந்தார்களே, ஒன்பதை முடித்துவிட்டுப் போய்விட்டாய். மீதி மூன்றையும் அதே கை வரைந்ததுபோல வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டையும் வேறொருவரை வைத்துப் புதிதாக வரைந்துகொள்கிறோம் என்றார்கள் பதிப்பகத்தில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீ போய் நாலு மாதம் பொறுத்தார்கள்.

அபி உட்கார்ந்தாள். ஒரு கோடு போட்டாள். அலறினாள்.

"மாமா, கொக்குக்குக் கால் போட்டா தேர்வடம் வருது!"

லேசாக வைத்தால் மெல்லிசாக, அழுத்தினால் தடிமனாக என்று உன் கோடு மூச்சு விடுமே. இவளுக்குப் பேனா பட்டதுமே தடித்தது. அந்தக் கோட்டைப் பிடித்துத் திருவாரூர்த் தேரை நாலு வீதியும் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

மின்சார சாஸ்திரத்தில் என் ஞானம் உனக்குத் தெரியும். மூன்று பம்ப்செட்டைக் கருக்கியவன். "ஈரம் கோத்திருக்கு" என்று தீர்ப்பளித்தேன். நனைந்த செல்போனை எல்லோரும் ஒரு டப்பா அரிசியில் போடுவார்கள். நான் என்ன டப்பா ஆளா? உன் பேனாவை விதைநெல் மூட்டைக்குள் செருகினேன். சாயங்காலம் கையை விட்டால், பேனாவைக் காணோம்.

மூட்டையைக் களத்தில் கொட்டி, நானும் அபியும் உன் அண்ணியும் மண்டியிட்டுத் துழாவினோம். டெல்டாவின் மொத்த விளைச்சலும் எங்கள் முன்னால் மலையாகக் கிடந்தது.

"வெதைக்கிறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்றாள் உன் அண்ணி.

"பேனா மொளைச்சா மொதக் கதிரு ஒனக்குத்தான்."

அபி சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பேனா கிடைத்தது. கோடு அதே தேர்வடம்.

திருவாரூரில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் கேட்டோம். முனை தேய்ந்திருக்கா பாருங்க என்றார், மாற்றினோம். வரைகிற சாஃப்ட்வேரில் வேறு பிரஷ் வைத்துப் பாருங்க என்றார்; பார்த்தோம். கடைசியில், "டேப்லெட்ட ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடுங்கம்மா. பழைய செட்டிங்லாம் போயிடும், பரவால்லல்ல?" என்றார்.

பரவாயில்லை என்று வாயெடுத்த அபி நிறுத்தினாள். "இருங்கண்ணே. பழசு என்னன்னு ஒரு தடவ பாத்துக்கறேன்."

திரையில் பேனா அழுத்தத்துக்கென்று ஒரு பக்கம் திறந்தது. ஒரு முனை மிருது, மறுமுனை கெட்டி, நடுவே நகர்த்துகிற குமிழ். நீ அதை மிருதுவின் கடைசி விளிம்பில் கொண்டுபோய் வைத்திருந்தாய். அதற்கு அப்பால் இடமே இல்லை.

"இது ரிப்பேரே இல்ல மாமா. இப்படி வச்சா, தொட்டாலே முழுசா அழுத்துன மாதிரி எடுத்துக்கும்." பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மாவால அழுத்த முடியல."

பிறகு பேனாவை இரண்டு விரலில் பிடித்து, கையில் பலமே இல்லாதவள்போல இழுத்தாள். கோடு வந்தது. மெல்லிசாகப் புறப்பட்டு, வளைவில் தடித்து, மறுபடி மெலிந்தது. உன் கோடு.

எத்தனை மாதமாக, கலா? சோற்றுக் கரண்டி உன் கையிலிருந்து நழுவியபோது, "தூங்கிக்கிட்டே பரிமாறுறா பாரு" என்று பந்தியையே சிரிக்கவைத்தவன் நான்தானே? நீயும் சேர்ந்து சிரித்தாய். "ஒண்ணுமில்லண்ணே" என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகு இருபது நாள்கூட நீ எங்களுக்குத் தரவில்லை. அந்தக் கையோடா ஒன்பது படமும் போட்டாய்? எங்களிடம் சொல்லாததைப் பேனாவிடம் எப்படிச் சொன்னாய்?

"மோட்டாரப் போட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டேன்.

அபி மூன்று நாள் உன் கையைத் தன் கைக்குப் பழக்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினாள். எது யார் வரைந்தது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். பன்னிரண்டும் அச்சுக்குப் போகிறது. உன் பெயரும், அதை ஒட்டி அவள் பெயரும்.

நேற்று குமிழை நடுவுக்கு நகர்த்தப் போனாள். "தொடாத!" என்று கத்திவிட்டேன்.

"அம்மா அவங்க கைக்கு வச்சுக்கிட்டாங்க மாமா. எனக்கு என் கைக்கு வேணும்ல? அம்மாவோடது எங்கயும் போகாது. தனியா சேவ் பண்ணிட்டேன்."

நகர்த்தினாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன். அபி என்றைக்காவது "ஒண்ணுமில்ல மாமா" என்றால், அந்த ஒரு வார்த்தையோடு எழுந்து வர மாட்டேன். மறுபடி கேட்பேன். சிரிக்கவைப்பதெல்லாம் அதற்கப்புறம்.

மற்றபடி, வழக்கம்போலத் தள்ளிவிட்டுப் படி. மூட்டை என்றது அரை மூட்டை. கருகிய பம்ப்செட் ஒன்றுதான். மோட்டார் போடப் போனேன் என்றதும் பொய்; வாய்க்கால் முட்டத் தண்ணீர் ஓடும்போது எவன் மோட்டார் போடுவான்? கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அது மட்டும் நிஜம்.

உன் பொய்க்கார அண்ணன்