முப்பத்தொன்றாம் எண் படம்

சிவகாசி
9 மார்ச் 2025

அன்புள்ள தஸ்லிமாவுக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? சென்னை வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நீ ஓவியம் சொல்லிக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு நாக்கு வறண்டுபோகிறது. இங்கே நானும் ஸ்ரீமதியும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இருக்கிறோம் என்றால் நம்புவாய்.

அச்சகத்தில் எனக்கு அதே வேலைதான். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறேன். இந்த சீசனில் எல்லாருக்கும் சிரிக்கிற குழந்தை வேண்டுமாம். கையில் மத்தாப்பு, கன்னத்தில் வெளிச்சம். வரைந்து வரைந்து அந்தக் குழந்தைகளின் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

தங்கை ஸ்ரீமதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் அந்தத் தீ பிடித்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. கழுத்துத் தோல் இன்னும் இழுக்கிறது. மதுரை டாக்டர் இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இவள் வேண்டாம் என்கிறாள். ஆஸ்பத்திரி தவிர எங்கேயும் வருவதில்லை. தண்ணீர் லாரி வந்தால் நான் வரும்வரை குடங்கள் வாசலில் காய்ந்து கிடக்கும். யாரையும் போட்டோ எடுக்க விடுவதில்லை. ஆனால் வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நேற்று என் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏக்கா, இதுல என்ன போட்ட, பெயிண்டா?" என்று கேட்டாள்.

ஒரு சேதி. சித்திரைப் பொங்கலை ஒட்டி எங்கள் கோடை விழாக் குழு மாவட்ட அளவில் ஓவியப் போட்டி வைக்கிறது. விருதுநகர், சாத்தூர், ராஜபாளையம் எங்கிருந்தும் கலந்துகொள்ளலாம். முதல் பரிசு வாங்கும் படத்தை அடுத்த வருஷக் காலண்டரில் அச்சடித்து, கடை கம்பெனி வீடு எல்லாவற்றுக்கும் கொடுப்பார்களாம். நானும் ஒன்று கொடுக்கிறேன். என்ன படம் என்று இப்போது சொல்லமாட்டேன். யாரும் ஆர்டர் கொடுக்காமல் நான் வரைந்த முதல் படம் அது. அவ்வளவுதான் சொல்வேன்.

இஃப்தாருக்குப் பழம் நிறையச் சாப்பிடு. வடையைக் குறை.

உன்
ஞானசுந்தரி


சென்னை
3 ஏப்ரல் 2025

என் ஞானத்துக்கு,

பெருநாளைக்கு ஊருக்கு வர முடியவில்லை. அத்தா போனில் ஒரு மணி நேரம் கோபித்துக்கொண்டார். வடையை நான் குறைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கவலையும் வந்தது. நீ சொன்ன அந்தப் போட்டிக்கு மூன்று நடுவர்கள். அதில் ஒருத்தி நான். உன் கடிதத்துக்கு மறுவாரமே விழாக் குழுவிலிருந்து அழைத்துவிட்டார்கள். என் சிநேகிதி ஒருத்தி கலந்துகொள்கிறாள் என்று உடனே சொன்னேன். "பேரே இருக்காது மேடம், வெறும் நம்பர்தான்" என்றார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன். ஆனால் உன் படம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டால் அதற்கு மட்டும் மதிப்பெண் போடமாட்டேன். இதை இப்போதே எழுதிவிடுகிறேன். பின்னால் நீ என்னைத் திட்டக்கூடாது.

முடிவு வரும்வரை படத்தைப் பற்றி எனக்கு எதுவும் எழுதாதே. ஸ்ரீமதியைப் பற்றி எழுது. அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். கத்தரிப்பூ நிறம். அவளுக்குப் பிடித்த நிறம் இப்போதும் அதுதானா?

அன்புடன்
தஸ்லிமா


சிவகாசி, அத்தா வீடு
27 ஏப்ரல் 2025

ஞானம்,

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கு தெரு. இருந்தும் கடிதம் எழுதி அத்தா கடைப் பையன் மூலம் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டுக்கு வந்தால் ஸ்ரீமதி இருப்பாள். அவளை உட்கார வைத்துக்கொண்டு இதைப் பேச என்னால் ஆகாது.

நேற்று விழா மண்டபத்தில் நடுவர்கள் மூன்று பேரும் படங்களைப் பார்த்தோம். தேர், முளைப்பாரி, இருக்கன்குடி ஆற்று மணலில் முடி இறக்கும் கூட்டம், இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பத்தொன்றாம் எண்ணுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். ஸ்ரீமதி. சுருங்கிய கன்னம், தோல் ஒட்டிய காது, நெஞ்சின் மேல் அந்தக் கை. ஒன்றையும் நீ மறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. ஞானம், அது பெரிய படம். என் கல்லூரியில் யாராலும், என்னாலும், அப்படி வரைய முடியாது. இதை நான் சொல்லாமல் விட்டால் பாவம்.

மூத்த நடுவர் லட்சுமிகாந்தம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசமா காலண்டருக்குச் சாமி முகமா வரைஞ்சிருக்கேம்மா. இந்த மாதிரி ஒரு முகம் எனக்கு வந்ததில்ல. இதுக்குத்தான் முதல் பரிசு" என்றார். மதுரையிலிருந்து வந்த இன்னொரு நடுவரும் தலையாட்டினார்.

வரைந்தவளைத் தெரியும், நான் மதிப்பெண் போடக்கூடாது என்று சொன்னேன். "நீங்க போடாட்டியும் நாங்க ரெண்டு பேரு போட்டாப் போதும்" என்றார்கள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. படத்தில் அவள் கண்கள் மூடியிருக்கின்றன, ஞானம். உதடு லேசாகத் திறந்திருக்கிறது. அவள் உறங்கும்போது வரைந்திருக்கிறாய். விழித்திருந்தால் அவள் உட்கார்ந்திருக்கமாட்டாள். யாரையும் போட்டோகூட எடுக்க விடுவதில்லை என்று நீயே எனக்கு எழுதியிருந்தாய்.

அதனால் சொன்னேன்: "இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு படம் இருக்கிறதே தெரியாதுன்னு நினைக்கேன். காலண்டர்ல போடுததுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில், ஸ்ரீமதி தன் வாயால் சம்மதம் சொன்னால் முதல் பரிசு, இல்லாவிட்டால் தேர்ப் படத்துக்கு என்று முடிவானது. விழாவில் எல்லாப் படங்களையும் வைக்கும் கண்காட்சியில் மாட்டுவது வரைந்தவர் விருப்பம் என்றார்கள். குழுவிலிருந்து உன்னிடம் வருவார்கள். யார் கிளப்பியது என்று வேறொருவர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். நான்தான்.

அவளைக் கேட்டாயா, ஞானம்? கேட்டிருந்தால் என்னை மன்னித்துவிடு. கேட்கவில்லை என்றால் இப்போதாவது கேள்.

தஸ்லிமா


சிவகாசி
30 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

குழுவிலிருந்து வந்தார்கள். முதல் பரிசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் மனம் குளிர்ந்திருக்கும்.

தீ பிடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கால் விரலைப் பார்த்துத்தான் இவள் என் தங்கை என்று சொன்னேன். எட்டு மாதம் அவள் புண்ணைத் துடைத்தவள் நான். அந்தத் தோலின் ஒவ்வொரு மடிப்பும் எனக்கு மனப்பாடம். அவளை வரைய நான் யாரிடம் கேட்க வேண்டும்?

ஆலைக் கம்பெனிக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். ஒருத்தர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேப்பரில் 'ஒருவர் காயம்' என்று போட்டார்கள். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அந்த முகம் அவர்கள் ஆபீஸ் சுவரில் தொங்கியிருக்கும். தேதி பார்க்கும்போதெல்லாம் பார்த்திருப்பார்கள். நீ கெடுத்தாய்.

படத்தைக் கண்காட்சியில் மாட்டத்தான் போகிறேன். அதற்கு உன் தயவு வேண்டியதில்லை. சேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. இனி எனக்கு எழுதாதே.

சு. ஞானசுந்தரி


சென்னை
10 ஜூன் 2025

ஞானம்,

எழுதாதே என்றாய். ஒரு தடவை மட்டும் மீறுகிறேன்.

பக்ரீத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். அத்தா பிரியாணித் தூக்கைக் கையில் கொடுத்து, "ஞானம் வீட்டுக்குக் கொண்டு போ, அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார். உன் தெருமுனை வரை வந்தேன். உன் வாசலில் குடங்கள் இருந்தன. நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன். "வீடு பூட்டியிருக்கு அத்தா" என்று பொய் சொன்னேன்.

நான் செய்தது சரியா என்று தினமும் யோசிக்கிறேன். சில நாள் சரி என்று தோன்றுகிறது. சில நாள், உன்னைக் குழுவின் முன்னால் நிறுத்தாமல் முதலில் உன்னிடமே வந்து கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. எந்த நாளிலும் மனம் ஆறுவதில்லை.

ஸ்ரீமதி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது. என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

தஸ்லிமா


சிவகாசி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தஸ்லிமா,

உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. கோபம் மட்டும் காரணமில்லை. உனக்கு எழுத எனக்கு முகமில்லை.

மே மாதம், கண்காட்சியின் கடைசி நாள். பகல் வெயிலில் மண்டபத்தில் கூட்டமே இல்லை. நான் படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தாயும் மகளுமாக இரண்டு பேர் படத்தின் முன்னால் நின்றார்கள். அந்தத் தாய் மகளின் கண்ணைக் கையால் பொத்தி, "வா, இதப் பாக்காத, ராத்திரி பயந்துக்கிருவ" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் விலகியதும் பின்னால் நின்றிருந்தது ஸ்ரீமதி. துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். அவளோடு ஒரே வேனில் ஆலைக்குப் போய் வந்த செல்வலட்சுமிதான் வீட்டுக்கு வந்து, "ஒன் படத்த மாட்டிருக்காக, எல்லாரும் நின்னு பாக்காக" என்று சொல்லியிருக்கிறாள். இவள் தானே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

வெகு நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"தூங்குதப்ப வரைஞ்சியாக்கா?"

"ஆமா."

"எத்தன நாளு?"

பல நாள், தஸ்லிமா. அச்சகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் உறங்கும் மத்தியான நேரங்களில்.

"நான் ஒன் பக்கத்துல மட்டுந்தாங்கா மூஞ்சிய மூடாம படுக்கேன்" என்றாள். சத்தமே போடவில்லை. "கழத்து."

நான் கழற்றினேன். ஆணியிலிருந்து எடுக்கும்போது சட்டத்தின் ஒரு மூலை தரையில் இடித்து உடைந்தது. ஆட்டோவில் படம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் போர்வையில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் படுத்தாள். மே, ஜூன், ஜூலை. கதவுக்கு வெளியே நான் படுத்திருந்தேன். சமைத்தாள், பரிமாறினாள், ஆனால் என்னோடு பேசவில்லை. உன் கடிதம் வந்தது அந்த நாட்களில்தான். அதற்கு நான் என்ன எழுத?

போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "தஸ்லிமாக்கா பெருநாளைக்கும் வரல. சண்டையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர், முதல் பரிசு, நீ கேட்டது, நான் உனக்கு எழுதியது. எதையும் விடவில்லை. ஒரு பருக்கைகூட எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்ச நாள்லருந்து எல்லாரும் எனக்காகத்தான் எல்லாம் செய்யுதீக. நீயும், டாக்டரும், அந்தக் கம்பெனிக்காரகளும். என்னையக் கேக்கணும்னு ஒரு ஆளுக்குத்தான் தோணியிருக்கு. அவுகளையும் நீ வெரட்டிட்ட" என்றாள்.

அவள் எழுந்து கை கழுவிவிட்டு வந்து என் தட்டில் ரசம் ஊற்றினாள்.

படம் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது நல்ல படம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனி ஆபீஸ் சுவர்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரமும் குறையவில்லை. ஆனால் அது என் ஆத்திரம். அதற்கு அவள் முகத்தை எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் நடந்ததை உனக்கு எழுதலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "எழுது. ஆனா எங்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டு அனுப்பு" என்றாள். இப்போது வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னாள். அந்த வரிகள் வேண்டாமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடித்துவிட்டு, வேறு தாளில் முழுவதையும் திரும்ப எழுதியிருக்கிறேன்.

உன் தோழி
ஞானம்