கல்லுக்குப் பயந்து பாலை விட்டவள்

மார்ச் 4
இன்று நான் எழுப்பிய சுவரைப் பார்த்தால் நேர் பார்க்கிற தூக்குக்குண்டே வெட்கப்படும். மேஸ்திரி அசந்துபோய் வாயைத் திறந்தார். கொட்டாவியாகவும் இருக்கலாம்.

மாலையில் அக்கா மகள் ஓட்டும் பேருந்தில் வீடு திரும்பினேன். அந்த நீள வண்டியைச் சந்து முனையில் அவள் திருப்புகிற அழகு இருக்கிறதே, பாம்புகூட அப்படி வளையாது! "ஓட்டுறது நான் வளர்த்த பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். வளர்த்தது அக்காதான். சைக்கிள் பழக்கிவிட்டது நான்.

மார்ச் 11
விழுந்துவிட்டாள். பேருந்துப் படியில் வழுக்கிக் கையை ஊன்றியிருக்கிறாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒரு சாண் உயரத்துக்கு எலும்பு முறியுமா? இந்த வயசிலா? அவள் அழவில்லை. "மாமா, இது கியர் போடுற கை" என்றாள், அவ்வளவுதான்.

மார்ச் 14
ரத்தப் பரிசோதனை வந்தது. வைட்டமின் டி தரை தட்டிக் கிடக்கிறதாம். எலும்பிலும் வலு இல்லை.

"பால், தயிர் எல்லாம் சாப்பிடுறதில்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

போன வருஷம் இவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது பாலை நிறுத்தச் சொன்னவன் நான். கால்சியம் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு சேர்ந்தால் இறுகும். கொத்தனாருக்கு இது அரிச்சுவடி. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கல்லுக்குப் பயந்து நானே விட்டுட்டேன் டாக்டர்" என்றாள். என்ன பிள்ளை! நானே ஒப்புக்கொண்டு, சுண்ணாம்புக் கணக்கையும் விளக்கினேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சுவருக்குச் சரிங்க. ஆனா சாப்பாட்டுல இருக்கிற கால்சியம், ஆக்சலேட்டுங்கிற உப்பைக் குடல்லயே பிடிச்சு வெளியே தள்ளிடும். பாலை நிறுத்தினா அந்த உப்பு சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லாகும்."

ஆக, எலும்பும் போச்சு, கல்லுக்கும் வழி விட்டாச்சு. உடம்புக்குள் கால்சியத்தைச் சேர்க்கிற சித்தாள்தான் வைட்டமின் டி. சித்தாள் வராவிட்டால் செங்கல் குவிந்து கிடந்தும் சுவர் எழாது. இந்த உவமை என்னுடையது. டாக்டரம்மா குறித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன், பேனா அசைந்தது. வைட்டமின் டி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

"மாத்திரையால மறுபடி கல்லு வருமா? வந்தா மருத்துவச் சோதனையில தள்ளி, வண்டி தராம என்னை டிக்கெட் அறையில உட்கார வெச்சிருவாங்க" என்றாள் இவள். அவளுக்கு அதுதான் பயம்.

"அளவு மீறினா வரலாம். வாரத்துக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதான். அப்பப்போ சோதிச்சுக்கலாம். தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"வேலை நாள்ல குடிக்கிறதே இல்ல. கடைசி நிறுத்தத்துல பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது."

ஊர்க்கதை எல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

மார்ச் 20
மொட்டை மாடியில் வெயிலில் நடக்கிறாள். நான் நிழலில் நின்று மேற்பார்வை.

ஏப்ரல் 2
கைக்கட்டோடு பணிமனை மேலாளரிடம் போனாள். துணைக்கு நான்.

"ஒரு ஆளுக்காகக் கழிப்பறை கட்ட முடியுமாம்மா?" என்றார் அவர்.

"ஏழு பொண்ணுங்க ஓட்டுறோம் சார். எல்லாருமே தண்ணி குடிக்காமத்தான் ஓட்டுறோம். எனக்குக் கல்லு முதல்ல வந்துச்சு, அவ்வளவுதான்."

குரல் உயரவே இல்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசையைத் தட்டிப் பேசுவதற்காக நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் வீண்.

மே 9
அனுமதி வந்துவிட்டது. வேலை எங்கள் மேஸ்திரிக்கு. கதவை வெளிச்சுவர்ப் பக்கம் வைக்கச் சொன்னது நான். அவள் வந்து பார்த்து, "உள்பக்கமா வையுங்க மாமா, ரோட்டுல போறவனெல்லாம் பார்ப்பான்" என்றாள். மாற்றினேன்.

ஜூன் 27
மருத்துவச் சோதனையில் தேறிவிட்டாள். புதுக் கல் இல்லை. கை உறுதி.

ஜூலை 3
அவள் வண்டியில் போனேன். கடைசி நிறுத்தத்தில் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, இறங்கிப் புதுக் கழிப்பறைக்குப் போனாள். பின்னால் வந்த வண்டியின் ஓட்டுநர் பெண்ணும் அவளோடு போனாள்.

அவசரக்காரர் ஒருவர், "ஏங்க, வண்டி ஏன் நிக்குது?" என்றார்.

அதைக் கட்டியது யார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"டிரைவரம்மா தண்ணி குடிக்கிறவங்க. பொறுங்க" என்றேன்.