துடைப்பதற்கு முன் எடுத்த போட்டோ

மர்பி டவுன், பெங்களூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆஞ்சலா மகாராணிக்கு,

உன் பவுலின் சித்தி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை அப்படிப் பண்ண முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாலாங்கிளாஸ் படித்தவள் எழுதுகிற கடிதம். தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

தாம்பரம் ஹாஸ்டல் விலாசத்தை உன் அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். "உன்கிட்ட குடுத்தேன்னு தெரிஞ்சா என்னையும் பிளாக் பண்ணிடுவாடி" என்று சொல்லிவிட்டுத்தான் அன்னா அக்கா கொடுத்தாள்.

உன் சித்தப்பா தலைக்கு டை அடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தார். பாஸ்டர் அம்மா அவரிடமே, "தம்பி, கிளாரன்ஸ் அண்ணன் வரலியா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் கண்ணாடி முன்னாலேயே நிற்கிறார்.

துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்காரவே விடுவதில்லையாமே. கால் வீங்குகிறது என்று அக்கா சொன்னாள். வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் காலை வை. கம்ப்யூட்டர் படித்தவளைப் புடவை மடிக்க அனுப்பியது நான்தான் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததில் உனக்குப் பாதி தெரியும். மீதி எனக்கே போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

எங்கள் ஆபீசில் வெப்சைட் செய்கிற வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கண்ணாடி ரூமில் போர்டில் ஒரு கேள்வி எழுதி, வந்தவரை அங்கேயே பதில் எழுதச் சொல்வார்கள். ஒருத்தர் போனதும் அடுத்தவர் வருவதற்குள் போர்டைத் துடைப்பது, டீ கொடுக்கிற என் வேலையோடு சேர்ந்தது. நீ இன்டர்வியூவுக்கு வந்த அன்று காலையில் முனிகிருஷ்ணன் என்று ஒருவர் வந்து போர்டு நிறைய எழுதிவிட்டுப் போனார். மத்தியானம் உன் முறை. துணியைக் கையில் எடுத்தவள், முதலில் போனை எடுத்து, போர்டைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பினேன்.

நீ உடனே, "வேணாம் சித்தி, இதெல்லாம் தப்பு" என்று எழுதினாய். நான் விட்டேனா? "பாத்தா கண்ணு அவிஞ்சுடுமா? சும்மா பாருடி" என்று நச்சரித்தேன். நீ பாஸ் பண்ணினால் நாம் இரண்டு பேரும் ஒரே ஆபீஸ் பஸ்ஸில் போகலாம் என்று ஆசை. ஜன்னல் சீட்டு எனக்கு என்று கூட முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

நீ எழுதி முடித்ததும், இன்டர்வியூ எடுத்த அருண்குமார் சார், "இந்தக் கேள்விய முன்னாடியே பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றாய். யார் காட்டினார்கள் என்று மூன்று தடவை கேட்டார். நான் டீ டிரேயோடு பக்கத்திலேயே நிற்கிறேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வாயையும் திறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சர்க்கரை போதுமா சார்?" என்று கேட்டேன். அன்று அந்த ரூமில் நான் பேசியது அவ்வளவுதான்.

இனிமேல் கூப்பிடக் கூடாது என்று உன் பெயரை எழுதி வைத்துவிட்டார்கள். நானோ உங்கள் வீட்டுக்கு வந்து, "போனா போவுது விடு, அந்த ஆபீஸ்ல டீ கூட நல்லா இருக்காது" என்று உன்னிடம் கிண்டல் அடித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டாய்.

போன வியாழக்கிழமை அருண்குமார் சார், புதிதாக வந்த கிருத்திகா மேடத்துக்கு இன்டர்வியூ எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் காபி வைக்கிறேன். போர்டில் அதே கேள்வி. கடை வெப்சைட்டில் பொருள் தேடுகிற பெட்டி செய்ய வேண்டும், அவ்வளவுதான் எழுதியிருக்கும். வேண்டுமென்றேதான் பாதியாக எழுதுவார்களாம். கடையில் எத்தனை பொருள், நெட் மெதுவாக இருந்தால் என்ன செய்வது, இதையெல்லாம் திருப்பிக் கேட்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தானாம் அந்தக் கேள்வியே. முனிகிருஷ்ணன் கால் மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் மார்க்கரைத் தொட்டாராம்.

கேட்டதெல்லாம் போர்டில் இல்லையே, ஆஞ்சலா. என் போட்டோவில் அது எப்படி விழும்?

அப்புறம் சார் சொன்னார்: "மூணு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. அவ முன்னாடி செஞ்சு அனுப்பின வெப்சைட்ட பாத்து, இவ நம்மள கேள்வியாலயே கொல்லுவான்னு நெனச்சேன். ஒண்ணுமே கேக்காம, காலையில வந்தவர் எழுதினத வரி மாறாம எழுதிட்டா."

கன்ஃபர்மேஷன் வகுப்பில் பாஸ்டரைக் கேள்வி கேட்டே தண்ணீர் குடிக்க வைத்தவள் நீ. அங்கே போய் நீ பேசாமல் எழுதினாய் என்றால், உன் வாயை அடைத்தது நான்.

டிரேயைக் கீழே வைத்தேன். "சார், அந்தப் போட்டோ நான் எடுத்தது. அது என் அக்கா மக. வேணாம்னுதான் சொன்னா" என்றேன். சார், "அன்னைக்கு இங்கதானே நின்னீங்க, ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாளே உன் சித்தி, அன்று டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் உத்தமன் வந்து ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். மூன்று வேளையும் என் சமையலா என்று சித்தப்பா நடுங்கிப்போயிருக்கிறார். இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தெருக்கோடி ஸ்கூலில் ஆயா வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது சார் கூப்பிட்டார். உன் பெயரை அந்த லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். வேலை தருவேன் என்று சொல்லவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நீ மெயில் போட்டால் கிருத்திகா மேடம் வேறு கேள்வியோடு பார்ப்பாராம். என்ன கேள்வி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

எனக்காக வராதே. என்னை மன்னித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. அக்கா வீட்டில் தங்கு, நான் அந்தப் பக்கம் தலை காட்ட மாட்டேன். ஆனால் மெயில் மட்டும் போடு, தங்கம். கூப்பிட்டால் போய், மார்க்கரைத் தொடுவதற்கு முன் அந்த மேடத்தை நன்றாகக் கேள்வி கேள். கர்த்தர் உன் வாய்க்குத் துணை இருப்பார்.

உன் கால் வீக்கத்துக்காக தினமும் ஜெபிக்கும்,
பவுலின் சித்தி