இடுப்பில் கட்டிய பாய்

மார்ச் 4, கொலோங்கா

காலையில் அலமாரியைத் திறந்தேன். என் கடவுச்சீட்டு லெசியேலியின் சீப்புக்கு அடியில் கிடந்தது. தங்கும் அனுமதி மே மாதக் கடைசியில் முடிகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து வருவது அவள் வேலை. நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் தலைநகரில் வரிசையில் நின்று, சன்னலுக்குப் பின்னால் இருப்பவரிடம் சிரித்துப் பேசி, முத்திரையோடு வருவாள். "இன்னும் ரெண்டு வருஷம் உங்களை நான்தான் வச்சுக்கணுமாம், என்ன பண்றது," என்பாள்.

முத்திரைக்கு மேலே 'டோங்கா நாட்டவரின் கணவர்' என்று, அவள் பெயரோடு இருக்கிறது. அவளைப் புதைத்து நான்கு வாரம். இப்போது நான் யாருடைய என்ன?

சீப்பை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 11

மழை. லெசியேலியின் அக்கா, செயினி அண்ணி, சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த இறைச்சி அனுப்பியிருந்தார். தின்றேன். ருசி தெரியவில்லை.

மே 2

மனாசே வந்தான். லெசியேலியின் தம்பி. இந்த வீடு நிற்கும் நிலம் அவனுடையது. அவனும் என்னைப் போலவே கறுப்பு உடுத்தி, இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றித் தென்னைநார்க் கயிற்றால் கட்டியிருந்தான். ஓர் ஆண்டுக்கு எங்களுக்கு இதுதான் துக்க உடை. ஆண்டு முடிவில் முடிச்சை அவிழ்க்க வேண்டியவர் செயினி அண்ணி, இறந்தவளின் அக்கா.

"மச்சான், டவுனுக்குப் போற அன்னிக்கு மட்டும் பாயைக் கழட்டி வச்சிடுங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கங்க."

"எதுக்கு?"

"பாயைப் பார்த்தா யாரு செத்ததுன்னு கேப்பாங்க. பொண்டாட்டின்னு சொன்னீங்கன்னா அனுமதி அவ்வளவுதான். பாய் இல்லேன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். குத்துவான், குடுப்பான்."

"அது பொய் இல்லையாடா?"

"வாயைத் திறந்தாத்தானே பொய்? இத்தனை வருஷம் எங்ககூட இருந்தும் வாயை மூடக் கத்துக்கலியே நீங்க!"

வகுப்பில் ஓர் உதாரணம் சொல்வேன். கயிறு அறுந்த படகும் காற்றில்லாத நாளில் கரையோரமாகத்தான் நிற்கும். நிற்கிறது, ஆகவே கட்டியிருக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. பையன்கள் சிரிப்பார்கள். நானும் இன்னும் இங்கேதான் நிற்கிறேன்.

அனுமதி போனால் நான் போக வேண்டிய இடம் ஆஸ்திரேலியா. பல்லாரட்டில் தம்பி நீலின் வீடு. இங்கே அவள் மேல் வெள்ளை மணல் கொட்டி, கறுப்புக் கூழாங்கல் பரப்பியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் களை பிடுங்குகிறேன். அங்கிருந்து எப்படிப் பிடுங்குவது?

மே 6

கழற்றிவிட்டேன். பாயைச் சுருட்டி நாற்காலியில் வைத்தேன். வெள்ளைச் சட்டையை அவள்தான் கடைசியாகத் தேய்த்திருந்தாள். வெட்கமோ பயமோ வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பேருந்தில் என் பக்கத்து இருக்கை டவுன் வரை காலியாகவே வந்தது. ஏறியவர்கள் முதலில் என் இடுப்பைப் பார்த்தார்கள், பிறகு சன்னலைப் பார்த்தார்கள். தினமும் என்னைக் கேலி செய்யும் ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார்.

குடிவரவு அலுவலகத்தில் சன்னலுக்குப் பின்னால் ஃபூசிபாலா. என்னிடம் படித்தவள், அங்கே வேலைக்கு வந்தது எனக்குத் தெரியாது. தாளை நீட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை.

"சார், பாய் எங்க?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனாசே சொன்னபடி.

"லெசியேலி அம்மாவை அடக்கம் பண்ணப்ப பாடினோமே, அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன் சார். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க." குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தாளை நான் இன்னிக்குப் பார்க்கலை. பாயோட வாங்க."

இந்தத் தீவில் யாருக்குத் தெரியாது என்று நினைத்தோம், நானும் மனாசேயும்? ஊரே வந்து பாடிய சாவை ஒரு சட்டையால் மூடப் பார்த்தேன்.

மே 8

பேருந்து செய்தியைக் கொண்டுபோய்விட்டது. செயினி அண்ணி வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனீங்களோ, வெள்ளைச் சட்டையில?"

சொன்னேன். எல்லாம். மனாசே வாசலுக்கு வெளியே பலாமரத்தடியில் நின்றான். அக்காவும் தம்பியும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவது இங்கே வழக்கமில்லை, சண்டை என்றாலும்.

"வெளிய நிக்கிறவன்கிட்ட சொல்லுங்க, அவன் தலைக்குள்ள இருக்கிறது தேங்காய்த் தண்ணின்னு."

சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லுங்க, யோசனை நல்ல யோசனைதான், ஆளுதான் சரியில்லைன்னு."

அதையும் சொன்னேன். லெசியேலி இருந்திருந்தால் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்திருப்பாள். சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

அண்ணியே பாயை எடுத்து வந்து கட்டினார். மூச்சுப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போட்டார்.

மே 13

பாயோடு போனேன். அண்ணியும் வந்தார். தாளில் 'மனைவியை இழந்தவர்' என்ற இடத்தில் நானே குறியிட்டேன்.

"பாதித் துக்கத்துல நிக்கிறாரு. இவரை எங்கேம்மா அனுப்புவே?" என்றார் அண்ணி.

"அத்தை, துக்கத்துக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லை." ஃபூசிபாலா என்னைப் பார்த்தாள். "கணவர்னு இனிமே குடுக்க முடியாது சார். பார்வையாளரா நவம்பர் வரைக்கும் இருக்கலாம். அப்புறம் வெளிய போயிடணும். குடும்பத்துல ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிட்டா, அங்கிருந்து புதுசா கேக்கலாம். கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அவள் கணக்கில் என்றும் கெட்டிக்காரி. விடை பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றி எழுத மாட்டாள்.

பார்வையாளர். எதைப் பார்க்க?

நவம்பர் 27

நாளை விமானம். மனாசே பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கல்லறையில் புதுக் கூழாங்கல் போட்டோம். இடுப்பில் பாயோடு விமானம் ஏறுவதா என்று அண்ணியிடம் கேட்டேன், அவிழ்த்துவிடச் சொன்னேன்.

"முடிச்சு போட்டது நான். அவுக்க வேண்டியதும் நான். நாள் வரட்டும், நீங்களும் வாங்க."

டிசம்பர் 19, பல்லாரட்

நல்ல வெயில். புது அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

நீல் சொல்கிறான்: "அண்ணே, அந்தக் கந்தலைக் கழட்டேன். கடையில எல்லாரும் முறைக்கிறாங்க." நல்லவன்தான். எனக்கென்று ஓர் அறையைக் காலிசெய்து, படுக்கைக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறான். பாயோடு அதன்மேல் உட்கார்ந்தால் கீறுகிறது. தரையில் உட்கார்கிறேன்.

ஜனவரி 8

பதில் இல்லை. சனிக்கிழமை. நீலின் தோட்டத்தில் களை பிடுங்கினேன்.

பிப்ரவரி 5, கொலோங்கா

காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். முடிச்சு இறுகிக் கிடந்தது. கத்தி தரட்டுமா என்றேன். "சும்மா நில்லுங்க மாப்பிள்ளை," என்று அண்ணி பல்லால் கடித்து இழுத்தார். கயிறு தளர்ந்தது. பாய் காலடியில் விழுந்தது. அண்ணி அதைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

சாப்பிடும்போது மனாசே என் கடவுச்சீட்டை எல்லோருக்கும் காட்டினான். புது முத்திரையில், லெசியேலியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அவன் பெயர்.

"இனிமே நான்தான் மச்சான் உங்க பொண்டாட்டி. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் என்னைக் கூட்டிட்டுப் போகணும். நல்ல சட்டை வாங்கிக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சேம்பிலைப் பொதியைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன்.

"யாரு சமைச்சது?" என்று கேட்டேன். "உப்பு கூடுதலா இருக்கே."

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல்: "வருஷம் பூரா அப்படித்தான் இருந்துச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"